டத்தாரான் மெர்டேக்கா: இவ்வளவு பெரிய திடல், உட்கார நிழல் எங்கே?

செந்தூல்_பையன்

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து வந்திருந்த மாமியாரையும் பிள்ளைகளையும் கோலாலம்பூர் டத்தாரான் மெர்டேக்காவுக்கு (சுதந்திரச் சதுக்கம்) அழைத்துப் போனேன். மஸ்ஜிட் ஜாமெக் எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. வெயில் மண்டையைப் பிளந்தது. அத்தை கொடிமரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இங்கதான் துங்கு ஏழு தடவை மெர்டேக்கா சொன்னாரு" என்றார். 1957-இல் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரம் அறிவித்ததைத்தான் சொன்னார். மகள் உடனே, "இல்ல பாட்டி, ஸ்டேடியத்துல. டீச்சர் சொன்னாங்க" என்றாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கைப்பேசியைப் பார்த்தேன்.

அத்தையின் அடுத்த கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. "இவ்ளோ பெரிய திடல். ஒரு ஆளு உட்கார நிழல் எங்க?"

கடைசியில் ஒரு கட்டடத்தின் படிக்கட்டு ஓரத்தில் கிடைத்த ஒரு முழ நிழலில் உட்கார வைத்தேன். ஐந்து நிமிடத்தில் ஒரு காவலாளி வந்து அங்கே உட்காரக் கூடாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனாலும் 70 வயது ஆளை எழுப்பிவிட்டார்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். துங்கு சொன்னது எங்கே? இந்த இடம் முன்பு எப்படி இருந்தது? இத்தனை சீரமைப்புக்குப் பிறகு இது யாருக்கான இடம்?

குவார்ட்டர்ஸ்_தாத்தா

தம்பி, உங்கள் அத்தையும் சரி, மகளும் சரி. வீட்டில் சண்டை வேண்டாம்.

1957 ஆகஸ்டு 30 இரவு மக்கள் கூடியது இந்தத் திடலில். அப்போது இதற்குச் சிலாங்கூர் கிளப் பாடாங் என்று பெயர். பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது துங்கு வந்து சேர்ந்தார். விளக்குகளை அணைத்தார்கள். பன்னிரண்டு அடித்ததும் விளக்கு எரிந்தது, பிரிட்டிஷ் கொடி யூனியன் ஜேக் இறங்கியது, மலாயாக் கொடி ஏறியது, தேசிய கீதம் நெகாராகூ இசைத்தார்கள். கூட்டம் ஏழு தடவை மெர்டேக்கா என்று கத்தியது. மறுநாள் காலை மெர்டேக்கா ஸ்டேடியத்தில், பிரிட்டிஷ் ராணியின் பிரதிநிதி குளோஸ்டர் கோமகன் அதிகாரப் பத்திரத்தைக் கொடுத்த பிறகு, துங்கு பிரகடனத்தை வாசித்துக் கையை உயர்த்திச் சொன்ன ஏழு மெர்டேக்காதான் எல்லாரும் படத்தில் பார்ப்பது. பாடப்புத்தகத்தில் இருப்பது காலை நடந்தது. கிழவர்கள் நெஞ்சில் இருப்பது இரவு நடந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்கு ரயில்வே வேலை, பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வீடு. நடந்தேதான் போனோம். உண்மையைச் சொன்னால், நான் பார்த்தது முன்னால் நின்ற ஆளின் முதுகு மட்டும். விளக்கு அணைந்ததும் பயந்துபோய் அப்பாவின் இடுப்பு வாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். விளக்கு வந்த பிறகு பார்த்தால் அது யாரோ ஒரு சீனருடைய இடுப்பு வார். அவர் சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கி நிறுத்தினார். அதனால் கொடி பாதிக் கம்பத்துக்கு மேல் ஏறியதை மட்டும் பார்த்தேன்.

செங்கல்_சூளை

தாத்தா, இதை எழுதியதற்கே உங்களுக்கு ஒரு தே தாரிக் டீ வாங்கித் தர வேண்டும்.

கட்டடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். எதிரே நிற்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கு அந்தப் பெயர் 1974-இல்தான் வந்தது. கட்டும்போது அது சிலாங்கூர் அரசு அலுவலகம், அவ்வளவுதான். 1894-இல் அடிக்கல், 1897-இல் திறப்பு. மணிக்கூண்டு 41 மீட்டர். அந்த ஆண்டு ஜூன் 22, விக்டோரியா ராணி ஆட்சிக்கு வந்து 60 ஆண்டு நிறைவுக் கொண்டாட்டத்தில் கடிகாரம் முதல் தடவையாக அடித்தது. அதே கடிகாரம்தான் 60 ஆண்டு கழித்து அவர்கள் கொடி இறங்கியபோதும் பன்னிரண்டு அடித்தது.

முதலில் கட்டடக் கலைஞர் நார்மன் போட்ட வரைபடம் வழக்கமான ஐரோப்பியப் பாணியில் இருந்தது. பொதுப்பணித் தலைமைப் பொறியாளர் ஸ்பூனருக்கு அது பிடிக்கவில்லை. அவர் சிலோனில் பல ஆண்டு வேலை பார்த்துவிட்டு வந்தவர். இது முஸ்லிம் நாடு, அதற்கேற்ற பாணி வேண்டும் என்றார். பிட்வெல் என்ற இளைஞர் முகப்பை மாற்றி வரைந்தார். இதே பிட்வெல் பிறகு சிங்கப்பூர் போய் ராஃபிள்ஸ் ஹோட்டலை வரைந்தார் என்பது வேறு கதை.

வேடிக்கை என்னவென்றால் இந்த வெங்காயக் குமிழும் குதிரைலாட வளைவும் மலாய்க் கட்டடக்கலையில் கிடையவே கிடையாது. மலாய் வீடு மரத்தால் ஆனது, தூண்மேல் நிற்பது. இது இந்தியாவில் பிரிட்டிஷார் செய்து பார்த்த கலவை. கப்பலேறி இங்கே வந்து, இன்றைக்கு மலேசியாவின் அடையாளமாகி அஞ்சலட்டையில் நிற்கிறது.

செங்கலைப் பற்றி ஒன்று. 1881-இல் ஒரே ஆண்டில் தீயும் வெள்ளமும் அத்தாப்பு ஓலைக் கூரை நகரத்தை அழித்தன. அதன் பிறகு செங்கல்லாலும் ஓட்டாலும்தான் கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்ட் சுவெட்டன்ஹாம் உத்தரவு போட்டார். நகரத்துக்குச் செங்கல் சுட்ட இடம்தான் தாத்தாவின் பிரிக்பீல்ட்ஸ். பெயரிலேயே சூளை இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை.

மயிலை_மாடவீதி

சென்னையிலிருந்து எழுதுகிறேன், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். போன வருடம் அங்கே சுற்றுலா வந்தபோது டாக்சியிலிருந்து இந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, "எங்க ஹைகோர்ட்டை யாரு இங்க கொண்டுவந்து வெச்சது?" என்று கேட்டேன். ஓட்டுநர் தமிழர். "இதுவும் கோர்ட்டாத்தான் இருந்துச்சு சார்" என்றார். அது உண்மையா?

செங்கல்_சூளை

உண்மைதான். 2000-களில் நீதிமன்றங்கள் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயாவுக்கும் ஜாலான் டூத்தாவுக்கும் மாறும்வரை பெரிய வழக்குகள் இங்கேதான் நடந்தன. உங்கள் உயர்நீதிமன்றம் 1892, இது 1897. இரண்டும் ஒரே குடும்பம்தான். கறுப்பு அங்கி போட்ட வழக்கறிஞர்கள் சாலையைத் தாண்டி ஓடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அப்புறம் அமைச்சு ஒன்று இருந்தது. அதுவும் காலி செய்த பிறகு வெளியே விளக்கலங்காரம், உள்ளே புறா எச்சம் என்று பல ஆண்டு கிடந்தது. பிறகு கசானா நேஷனல் என்ற அரசு முதலீட்டு நிறுவனம் மறுசீரமைப்பு வேலையை எடுத்துக்கொண்டது. என்னைக் கேட்டால் கொடிமரத்தைவிட இந்த வேலைதான் இருபது வருடம் முன்பே நடந்திருக்க வேண்டும்.

கால்வாய்_கணக்கு

கட்டடம் பற்றிப் பேசுகிறவர்கள் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேற்று ஆறுகள் சேரும் இடம் என்று பொருள். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேரும் முனை திடலிலிருந்து கூப்பிடு தூரம். திடலே ஒரு காலத்தில் சதுப்பு நிலம், வடிகால் வெட்டித்தான் விளையாடும் தரையாக்கினார்கள்.

1926 வெள்ளத்தில் திடலோரமிருந்த சார்ட்டர்டு வங்கியின் நிலவறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நனைந்த நோட்டுகளைத் திடலில் பரப்பி வெயிலில் காயவைத்தார்கள் என்று இந்த நகரத்தின் கதையில் சொல்வார்கள். வற்றல் காயப்போடுவது போல லட்சக்கணக்கில் பணம்! காக்கா விரட்ட யாரை உட்கார வைத்தார்களோ. அந்த வங்கிக் கட்டடம் இப்போது இசை அருங்காட்சியகம்.

1971 சனவரியில் மறுபடி பெருவெள்ளம். 2003 ஜூனிலும் இந்தப் பகுதி முழுகியது. 2007-இல் ஸ்மார்ட் சுரங்கம் திறந்தார்கள். 9.7 கிலோமீட்டர் நீளம், நகருக்குள் வரும் முன்பே கிள்ளான் ஆற்றின் வெள்ளத்தைத் திருப்பிவிடும். சாதாரண நாளில் அதன் ஒரு பகுதியில் கார் ஓடும், பெருமழையில் சாலையை மூடிவிட்டுத் தண்ணீரை விடுவார்கள். சதுக்கத்துக்கு நடந்த சீரமைப்புகளில் உருப்படியானது எது என்று கேட்டால், சதுக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத இந்தக் குழாய்தான் என்பேன்.

"உயிர் நதி" என்று 4.4 பில்லியன் வெள்ளியில் (ரிங்கிட்) திட்டம் போட்டார்களே, ஆற்றைச் சுத்தம் செய்ய, கரையை அழகுபடுத்த. கரை அழகாகத்தான் இருக்கிறது. இரவில் நீல விளக்கும் பனிமூட்டமும் போட்டால் ஜாமெக் மசூதி மிதப்பது போலத் தெரியும். விளக்கை அணைத்துவிட்டுத் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள்.

வெள்ளைக்_காலுறை

கிரிக்கெட் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. நூறு வருடத்துக்கு மேல் இது ஒரு கிரிக்கெட் மைதானம், ஐயா. 70-களில் நாங்கள் விருந்தாளிக் குழுவாக வந்து ஆடியிருக்கிறோம். மணிக்கூண்டுப் பக்கம் தூக்கி அடித்தால் பந்து சடக்கைத் தாண்டி ஓடும். பீல்டர் கார்களை நிறுத்திப் பந்தை எடுத்து வருவார். ஓட்டுநர்கள் ஹாரன் அடிக்க மாட்டார்கள், யார் அவுட் என்று ஜன்னல் வழியாகக் கேட்பார்கள். மத்தியானம் மழை வந்தால் கிளப் வராந்தாவில் எல்லாருக்கும் இடம்.

1987-இல் திடலை எடுத்துக்கொண்டார்கள், கிளப்பின் விளையாட்டெல்லாம் புக்கிட் கியாராவுக்குப் போனது. புல்லைப் பெயர்த்து, அடியில் கடைகளும் வாகன நிறுத்தமும் கட்டி, 95 மீட்டர் கொடிமரம் நட்டு, 1990 சனவரி 1 முதல் டத்தாரான் மெர்டேக்கா என்று பெயர் வைத்தார்கள். கீழே இருந்த கடைகளுக்கு நானும் போயிருக்கிறேன். கொஞ்ச நாள் கூட்டம், அப்புறம் வெள்ளம், அப்புறம் பாதி ஷட்டர் இறங்கிக் கிடந்தது. மேலே புல் இருக்கிறது, ஆனால் அதன்மேல் யாரும் ஓடுவதில்லை. விளையாடாத திடல் கம்பளம் மாதிரி, தம்பி. பார்க்கலாம்.

மஞ்சள்_சட்டை

உங்கள் நினைவுகள் அழகாக இருக்கின்றன, ஐயா. ஆனால் ஒன்று கேட்கிறேன், அந்த மைதானம் யாருடையது? கிளப்புடையது. 1884-இல் தொடங்கிய கிளப். அதில் உறுப்பினர் ஆவதற்கு இனத்தைவிட அந்தஸ்துதான் முக்கியம் என்று பெருமையாகச் சொல்வார்கள். கே. தம்புசாமிப் பிள்ளை தொடக்ககால உறுப்பினர்களில் ஒருவர் என்பது உண்மைதான். ஆனால் தம்புசாமிப் பிள்ளை யார்? மகாமாரியம்மன் கோயிலைக் கட்டியவர், பத்துமலையைத் தொடங்கியவர், பெரும் பணக்காரர். அவருக்கு வராந்தாவில் நாற்காலி இருந்தது. சடக்குப் போட்ட தமிழனுக்கும் தண்டவாளம் போட்ட தமிழனுக்கும் வேலிக்கு வெளியேதான் இடம். கிளப்பின் லாங் பார் மதுக்கூடத்துக்குள் பெண்கள் நுழையக் கூடாது என்ற வழக்கம் எந்தக் காலம்வரை நீடித்தது என்று உங்களுக்கே தெரியும்.

1990-க்குப் பிறகாவது பொதுமக்கள் இடமானதா? 2012 ஏப்ரல் 28, நேர்மையான தேர்தல் கேட்டு நடந்த பெர்சே 3.0 பேரணி. நான் அங்கே இருந்தேன். அம்பிகா சீனிவாசன் தலைமை. சதுக்கத்துக்குள் போகக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு வாங்கி, முள்கம்பிச் சுருளால் சுற்றிலும் அடைத்திருந்தார்கள். வெளியே பல்லாயிரம் பேர், உள்ளே வெறும் புல். புல்லுக்கு அவ்வளவு பாதுகாப்பு! தடுப்பு விலகிய சற்று நேரத்தில் கண்ணீர்ப்புகை. பக்கத்தில் நின்ற மலாய் அக்கா ஒருவர் தன் தண்ணீர்ப் புட்டியை என் முகத்தில் ஊற்றிவிட்டு, அவர் கண்ணுக்கு இல்லாமல் நின்றார். 2015-இல் பெர்சே 4, சுற்றுச் சாலைகளிலேயே 34 மணி நேரம் உட்கார்ந்தோம், படுத்தோம். அப்போதும் சதுக்கம் அடைத்தே இருந்தது.

ஆக, முதலில் கிளப்புக்கு, பிறகு அணிவகுப்புக்கு. நமக்கு எப்போது?

வெள்ளைக்_காலுறை

லாங் பார் விஷயத்தில் பதில் சொல்ல மாட்டேன், என் மனைவியும் இந்தத் தளத்தைப் படிக்கிறாள்.

ஆனால் வேலி என்று சொன்னீர்களே, வேலி இல்லை. ஓரத்துப் புல்லில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் ஆட்டம் பார்க்கலாம், கச்சான் கடலை விற்பவர்கூட வருவார். யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று, யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

மட்டுறுத்துநர்

அரசியல் பேசலாம், ஆனால் கட்சிக்காரர்களை வையும் பதிவுகளை எடுத்துவிட்டேன் (மூன்று). மஸ்ஜிட் இந்தியாவில் எந்தக் கடையில் மீ கோரிங் நன்றாக இருக்கும் என்ற விவாதத்தைச் சாப்பாட்டு இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு_சைக்கிள்

நீங்கள் எல்லாரும் பழைய காலத்திலேயே நிற்கிறீர்கள். எனக்கு 24 வயது. நான் ஆட்டமும் பார்க்கவில்லை, கண்ணீர்ப்புகையும் பார்க்கவில்லை. ஞாயிறு காலை நகரச் சாலைகளில் காரை நிறுத்திவிடுவார்கள் இல்லையா, ஏழு மணிக்கு டத்தாரானிலிருந்துதான் கிளம்புவோம். நடைப்பயிற்சிக் கிழவர்கள், தள்ளுவண்டியில் குழந்தை, ஸ்கேட்போர்டு பையன்கள், நாய் கூட்டி வருபவர்கள். ஜாலான் ராஜாவை வாகனத்துக்கு மூடி நடப்பவர்களுக்கு விட்டது எவ்வளவு பெரிய மாற்றம் தெரியுமா? என் அண்ணன் காலத்தில் இரவில் அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிள் ரேஸ் ஓடும்.

செந்தூல் அண்ணே, தப்பு உங்கள் மேல். பத்தரை மணிக்கு யாராவது டத்தாரான் போவார்களா? ஏழு மணிக்குப் போங்கள், கட்டடத்தின் நிழலே சாலைமேல் விழும். இல்லையென்றால் மாலை ஆறரைக்கு மேல்.

செந்தூல்_பையன்

தம்பி, அத்தை ஏழு மணிக்குப் பசியாறவே மாட்டார்.

நேரம் பார்த்து நிழலுக்குப் போக வேண்டும் என்றால் அது பூங்கா இல்லை, சூரியக் கடிகாரம். ஓரத்திலாவது நான்கு மரம் வைக்க என்ன தடை?

கால்வாய்_கணக்கு

மூன்று தடை சொல்வார்கள். ஒன்று, அடியில் கட்டடம் இருக்கும் பகுதியில் மண் ஆழம் போதாது. தூங்குமூஞ்சி மரம் வைத்தால் வேர் கான்கிரீட்டைத் தேடும், கூரை ஒழுகும். இரண்டு, தேசிய தின அணிவகுப்பு. மேடை, படை, வாகனம் எல்லாவற்றுக்கும் வெட்டவெளி வேண்டும். மூன்று, படம். கிளப் பக்கமிருந்து பார்த்தால் முழுக் கட்டடமும் தெரிய வேண்டும், மரம் மறைக்கக் கூடாது.

முதல் காரணம் மட்டும்தான் பொறியியல். அதுவும் பாதித் திடலுக்குத்தான் பொருந்தும். இரண்டாவது காரணம் இப்போது பாதி போய்விட்டது, அணிவகுப்பு பல ஆண்டு புத்ராஜெயாவில்தான் நடக்கிறது. மூன்றாவதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை, அஞ்சலட்டையில் யாரும் உட்காருவதில்லை. கிளப் பக்க ஓரத்திலும் தேவாலயப் பக்கத்திலும் மரங்கள் இருக்கத்தான் இருக்கின்றன. அந்த வரிசையை நீட்டி, அடியில் கல் திண்ணை கட்டினாலே போதும்.

செங்கல்_சூளை

நான் இதில் மாறுபடுகிறேன். வெட்டவெளிதான் இந்த இடத்தின் உயிர். மூன்று பக்கமும் கட்டடம், நடுவில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததால்தான் 1957-இல் அவ்வளவு பேர் நிற்க முடிந்தது, நோட்டைக் காயப்போட முடிந்தது, பந்து ஓட முடிந்தது. மரம் வைத்து, பூத்தொட்டி வைத்து, "ஐ லவ்" என்று எழுத்துப் பொம்மை வைத்து நிரப்பினால் அடுத்த தலைமுறைக்கு நிற்க இடமிருக்காது. நிழல் வேண்டுமென்றால் எதிர்க் கட்டடத்தின் கீழ்த்தளத்தைத் திறந்துவிடுங்கள். அந்த வளைவுத் தாழ்வாரம் முழுக்க நிழல்தான். அஞ்சடி (கடைகளுக்கு முன்னால் கூரையுள்ள நடைபாதை) மாதிரி நடக்கவும் உட்காரவும் கட்டியது அது. உள்ளே பத்து வெள்ளிக் காப்பிக் கடை மட்டும் வைத்துவிட்டால் கதை முடிந்தது, ஒரு தே தாரிக் கடையும் வேண்டும்.

மஞ்சள்_சட்டை

இதில் முதல் தடவையாகச் செங்கல் அண்ணனோடு ஒத்துப்போகிறேன். வெட்டவெளி இருக்கட்டும். முள்கம்பி மட்டும் வேண்டாம்.

குவார்ட்டர்ஸ்_தாத்தா

நேற்று பேரனைக் கூட்டிக்கொண்டு நானும் போய்வந்தேன், நீங்கள் எல்லாரும் இப்படிப் பேசிக்கொண்டதால்தான். மாலை ஆறேமுக்கால். நான் நின்ற இடம் எது என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். அன்றைக்குக் கொடிக்கம்பம் இவ்வளவு உயரம் இல்லை, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. மணிக்கூண்டு மட்டும்தான் அதே இடத்தில் இருக்கிறது. கடிகார முகம் நேராகத் தெரிந்தது நினைவிருக்கிறது, அதனால் கிளப் பக்கமாகத்தான் நின்றிருக்க வேண்டும். அங்கே போய்ப் புல்லில் உட்கார்ந்தேன். யாரும் எழுப்பவில்லை.

எழுந்திருக்கும்போதுதான் சிரமம், முழங்கால். பேரன் கைப்பேசியில் இருந்தான். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த வங்காளதேசத் தம்பி ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

செந்தூல்_பையன்

தாத்தா, உங்கள் பதிவை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். தீபாவளிக்கு வரும்போது மாலையில் போகலாம் என்று சொல்லிவிட்டார். மகள் ஸ்டேடியத்தையும் பார்க்க வேண்டும் என்கிறாள், அந்த 118 மாடிக் கட்டடத்துக்குக் கீழே. சைக்கிள் தம்பி, அங்கிருந்து டத்தாரானுக்கு வயதானவர்கள் நடக்கிற தூரம்தானா, இல்லை கிராப் டாக்சி எடுக்க வேண்டுமா?

ஞாயிறு_சைக்கிள்

ஸ்டேடியத்தில் தொடங்கிப் பெட்டாலிங் தெரு வழியாக இறக்கத்தில் வாருங்கள், அண்ணே. மாரியம்மன் கோயிலில் ஐந்து நிமிடம் உட்காரலாம், சென்ட்ரல் மார்க்கெட்டில் குளிர்சாதனம் இருக்கிறது. திரும்பிப் போக மட்டும் கிராப்.